ஆசீர்வாதம் சாருக்காகப் பார்த்த கடைசி வண்டி

சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நாவலூரில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். ஓடாத லாரி. ஒரு ஹோட்டல்காரர் அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, பின்பக்கம் பூச்செடி வைத்து, வாசலில் அழகுக்காக நிறுத்தியிருக்கிறார். பக்கத்து ஐ.டி. ஆபீஸ் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் அடியில் போய், சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணைத் தேடி உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி குனிந்து பார்த்து, "பெரியவரே, போட்டோ எடுக்கணும்னா முன்னாடி நின்னு எடுங்க, எல்லாரும் அங்கதான் எடுக்கறாங்க" என்றார். அப்போது என் போன் அடித்தது.

கிரேஸ் டீச்சர், சாருடைய மனைவி. "ஏழுமலை அண்ணா, சார் போயிட்டார். காலையில காபி குடிச்சார், பேப்பர் பார்த்தார். அவ்வளவுதான்" என்றார். பிறகு அவரே கேட்டார்: "நம்பர் கெடச்சுதா?"

"கடைசி ரெண்டு நம்பர் பாக்கி டீச்சர்."

"பார்த்துட்டு வாங்க."

பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். கணவர் இறந்து ஒரு மணி நேரம் ஆகாத வீட்டிலிருந்து ஒரு அம்மா ஏன் அப்படிச் சொன்னார், நானும் ஏன் அதற்குக் கட்டுப்பட்டுப் படுத்திருந்தேன் என்று சாரைத் தெரிந்தவர்களுக்காவது நான் சொல்ல வேண்டும். சொல்லச் சொன்னதும் டீச்சர்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறேன். எழுத எழுத சந்தோஷமாகத்தான் இருக்கிறது. துக்கத்தைப் பற்றி எழுதும்போது கை சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. சார் இருந்தால் படலாம் என்று சொல்வார்.

சாரை உங்களில் பலருக்குப் புத்தகம் எழுதியவராகத்தான் தெரியும். எனக்கு அவர் முதலில் சர்வேயர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எவ்வளவு சேதம் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. சேலையூர் கேம்ப் ரோட்டில் என் பட்டறைக்கு ஒரு நாள் மோதி நசுங்கிய வேனைப் பார்க்க வந்தார். மற்ற சர்வேயர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து, நான் சொல்வதை எழுதிக்கொண்டு போவார்கள். இவர் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு, ஒரு செய்தித்தாளை விரித்து, எண்ணெய்த் தரையில் மல்லாந்து வேனுக்கு அடியில் போய்விட்டார். நான் பதறிப்போய், சட்டை போய்விடும் சார் என்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "சட்டையைத் தோச்சிக்கலாம். எழுதினதைத் தோய்க்க முடியாது."

வேலை முடிந்தும் அவர் போகவில்லை. பட்டறை மூலையில் ஒரு பழைய பஸ் கிடந்தது, உடைக்கப் போகிற பஸ். அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாடி எந்த ஊரில் கட்டியது, எந்த ரூட்டில் ஓடியது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து எழுதிக்கொண்டார். எதற்கு சார், நாளைக்கு இது இரும்பாகப் போகிறதே என்று கேட்டேன். "மனுஷன் செத்தா எங்க சபை ரிஜிஸ்டர்ல எழுதறோம். வண்டி செத்தா யார்ப்பா எழுதறாங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அப்படி எழுதிய அட்டைகள் சேர்ந்து சேர்ந்துதான் புத்தகம் ஆனது. சென்னைக்குத் தென்பக்கத்தில் ஓடிய பஸ், லாரி, பிளஷர் கார், வேன் என்று ஒவ்வொன்றும் எந்த ஆண்டு வந்தது, எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது, இப்போது எங்கே நிற்கிறது என்ற விவரம். கதை எதுவும் இருக்காது. எடுத்துப் பார்த்துச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் புத்தகம். இங்கிலீஷில் எழுதினால் வெளிநாட்டிலும் வாங்குவார்கள் என்று யார் யாரோ சொன்னார்கள். வண்டி வைத்திருப்பவன் படிக்கத்தான் எழுதுகிறேன் என்று சார் தமிழிலேயே எழுதினார்.

அட்டைகளை பிஸ்கட் டின்களில்தான் வைப்பார். டீச்சருக்கு அதில் தீராத குறை. கிறிஸ்துமஸுக்கு வந்த விருந்தாளி ஒருவர் ஆசையாக ஒரு டின்னைத் திறந்தால் உள்ளே இரட்டை மாடி பஸ்கள் இருந்தனவாம். அந்த வீட்டில் பிஸ்கட் இருந்தது அரிசி டின்னில்.

சாருக்கு ஒரே ஒரு சட்டம். ஒவ்வொரு அட்டையிலும் கடைசி வரி "பார்த்தவர்" என்று இருக்கும். வண்டியைக் கண்ணால் பார்த்து, எண்ணைத் தொட்டவர் பெயர் அங்கே வர வேண்டும். கேள்விப்பட்டது எதுவும் புத்தகத்தில் ஏறாது. ஒரு முறை பெரிய குடும்பத்துக்காரர் ஒருவர் போன் செய்து, மெட்ராஸிலேயே முதல் கார் எங்கள் தாத்தாவுடையது, அதைப் புத்தகத்தில் போட வேண்டும் என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். வண்டி எங்கே என்று கேட்டார் சார். இல்லை. போட்டோ? இல்லை. லைசென்ஸ், ரசீது ஏதாவது? இல்லை. சார் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "கதை நல்லாயிருக்குங்க. கதைப் புஸ்தகம் எழுதினா கட்டாயம் சேர்த்துக்கறேன்."

மரியாதை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சாருக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் "வாப்பா, போப்பா" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "நீங்க" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் பயந்துகொள்ள வேண்டியதுதான்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு எண் தெரியாமல் போகுமா? சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரின்ட் எடுப்பதில் இந்தப் பக்கத்தில் என் கைதான் கை என்பார்கள். எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தால், எண் வெள்ளையாக எழும்பி வரும். எந்த வண்டிக்கு எங்கே குத்தியிருப்பார்கள் என்பது எனக்குக் கையிலேயே தெரியும். ஆனால் எந்தத் தாள் யார் வீட்டு வண்டியுடையது என்று எழுதத் தெரியாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். அந்தந்த இடத்தில் கிடைப்பதைத் தாளில் ஒட்டிவிடுவேன். மரக்கடை லாரி என்றால் மரத்தூள், ஸ்கூல் வேன் என்றால் சாக்பீஸ் கீறல், செங்கல் சூளை என்றால் கட்டைவிரலில் செங்கல் தூள் தடவி ஒரு ரேகை. சார் தாளைப் பார்த்தே யார் வண்டி என்று சொல்லிவிடுவார். இந்த வழி அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு முறை சார் ஸ்கூட்டரில் விழுந்து, காலில் கட்டுப் போட்டு மூன்று மாதம் வீட்டில் இருந்தார். புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு வேலை நடந்துகொண்டிருந்த நேரம். நான் தனியாகப் போய்ப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். மொத்தம் நாற்பத்தொரு வண்டி.

அதில் இரண்டு வண்டிகள் ஒரே மாதிரி கறுப்பு பிளஷர் கார். கப்பலில் வந்தவை. ஒன்று மேடவாக்கத்தில் ரைஸ் மில் வைத்திருந்தவர் வீட்டில், இன்னொன்று சேலையூரில் ஒரு டாக்டர் வீட்டில். எண்களில் கடைசி இரண்டு இலக்கம்தான் வேறு. எது சின்ன எண்ணோ அதுதான் மூத்த வண்டி. இரண்டையும் ஒரே நாளில் எடுத்தேன். மில் வீட்டில் பிரின்ட் எடுத்ததும் சாப்பிட உட்கார வைத்துவிட்டார்கள். நல்ல விருந்து. நெல்மணி நாலைந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், பிறகு ஒட்டலாம் என்று. மறந்துவிட்டேன். டாக்டர் வீட்டுத் தாளும் அதே பைக்குள் போனது. சார் வீட்டு கேட்டில் நின்று பையைத் துழாவினால் இரண்டு தாள், நாலு நெல்மணி. எது எந்தத் தாள் என்று தெரியவில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்திருக்கலாம். டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்கிறவன் என்று பேர் எடுத்தவன் நான். மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மனசு சொன்ன தாளில் நெல்லை ஒட்டினேன். மற்றதில் டாக்டருக்காக ஒரு பிளஸ் குறி போட்டேன். உள்ளே போனேன். கட்டிலில் படுத்திருந்த சார் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நீயே பாத்ததுதானேப்பா?" என்று கேட்டார்.

"நானே பாத்தது சார்" என்றேன்.

இரண்டாம் பதிப்பு வந்தது. மில் வீட்டு வண்டிதான் தாம்பரம் பக்கத்தில் இருப்பவற்றில் மூத்தது என்று அதில் இருந்தது. மில் வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். கல்யாண ஊர்வலங்களில் அந்த வண்டி முதலில் போகும். சார் எனக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார். என் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து, படித்தும் காட்டினார்: "இந்த நாற்பத்தொரு வண்டிகளின் எண்களையும் நேரில் பார்த்து எடுத்தவர் சேலையூர் மெக்கானிக் ஏழுமலை. அவர் கண் என் கண்."

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வருகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டுவேன். காட்டும்போதெல்லாம் அந்த நெல்மணி ஞாபகம் வரும். யாரிடமாவது விசாரித்திருக்கலாம். தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. சரியாகவும் இருக்கலாம் அல்லவா என்று பதினேழு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

முட்டி தேய்ந்து பட்டறையை விட்ட பிறகு ஒரு பொங்கலுக்கு வீட்டில் வெள்ளை அடித்தார்கள். புத்தகத்தை எடுத்து உதறி வைத்ததில் பஸ் டிக்கெட் எங்கேயோ விழுந்துவிட்டது. அன்றைக்கு வந்த சம்பந்திக்கு என் பெயரைக் காட்டலாம் என்று புரட்டுகிறேன், புரட்டுகிறேன், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. சம்பந்திக்கும் படிக்கத் தெரியாது. இரண்டு கிழவர்கள் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு விழித்தோம். மறுநாள் கிரேஸ் டீச்சரிடம் போனேன்.

டீச்சர் ரிட்டயர் ஆன பிறகு சர்ச் ஹாலில் மத்தியான வேளையில் வகுப்பு நடத்துகிறார். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு. நான் மட்டும்தான் ஆண்பிள்ளை. சாருக்குச் சொல்லாதீர்கள், ஒரு நாள் அவர் புத்தகத்தையே அவர் முன்னால் படித்து அசத்த வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன். ஃப்ளாட்டுகளில் சமையல் செய்யும் கஸ்தூரி என்ற பெண்தான் என்னை ஒரு வழி பண்ணுவாள். "இன்னா நைனா, வண்டி 'ஙொ'வாண்ட நின்னுகினு கீது? எறங்கித் தள்ளட்டுமா?" என்பாள். ஹால் முழுவதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். உண்மையில் அந்த ஒரு வருஷம் போல நான் எப்போதும் சிரித்ததில்லை. பஸ்ஸில் போர்டு படித்தேன். மருந்துச் சீட்டு தவிர எல்லாம் படித்தேன். பிறகு ஒரு நாள், புத்தகத்தை மடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போய் என் பெயரை நானே கண்டுபிடித்தேன். "அவர் கண் என் கண்." நாலு சின்னச் சொல். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அடுத்த மாதமே டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. டாக்டர் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப் போகிறார்கள். ஷெட்டில் நிற்கும் காரை வெளியே இழுத்து, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட வேண்டும். டாக்டரின் மகள் சொன்னார்: "எங்க அபார்ட்மென்ட்ல ஒரு காருக்குத்தான் அங்கிள் பார்க்கிங். இது ஒண்ணும் மூத்ததும் இல்லை, புக்லயே போட்டிருக்கே."

ஷெட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். குனிந்து, தூசியைத் துடைத்து எண்ணைப் பார்த்தேன். கடைசியில் பூஜ்யம், எட்டு. கையோடு கொண்டுபோயிருந்த புத்தகத்தைத் திறந்து டாக்டர் பெயரைத் தேடி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அவர் பெயருக்கு நேராக அறுபத்துமூன்று என்று இருந்தது. எதிர்ப் பக்கத்தில் மில் பெயருக்கு நேராகப் பூஜ்யம் எட்டு. மூத்த வண்டி என் முன்னால் நின்றுகொண்டிருந்தது, இரும்புக் கடைக்குப் போவதற்கு.

வண்டியை இழுக்காமல் நேராகச் சார் வீட்டுக்குப் போனேன். அப்போதே அவருக்கு நெஞ்சில் நீர் கோர்த்து உடம்பு மோசம். மூன்றாம் பதிப்பு தயாராகி, அச்சுக்குப் போக வேண்டிய தாள்கள் மேஜையில் அடுக்கியிருந்தன.

"சார், ஒண்ணு சொல்லணும். மில்லு வூட்டு வண்டியும் டாக்டர் வூட்டு வண்டியும் புஸ்தகத்துல நம்பர் மாறிக் கீது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நானே படிச்சேன்."

"படிச்சியா? நீயா?" என்றார். அவர் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் வாசற்படியில் நின்று சிரித்தார். எந்தப் பக்கம், படிச்சுக் காட்டு என்றார் சார். படித்தேன். கடைசி எழுத்து வரை திக்காமல் படித்தேன். கைதட்டினார். பிறகுதான் கேட்டார், எப்படி மாறியது என்று. நெல்மணிக் கதையைச் சொன்னேன். கேட்டில் நின்றதையும் ஒட்டியதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீங்க போயிட்டு வாங்க, ஏழுமலை" என்றார்.

பதினோரு நாள் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. வண்டியை இரும்புக்காரனிடம் போட வேண்டாம் என்று டாக்டரின் மகளுக்கு மட்டும் சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் கஸ்தூரி வந்து, "இன்னா நைனா, ஆப்சென்ட்டு? சாரு உன்ன இட்டாரச் சொன்னாராம்" என்று நின்றாள்.

போனால், மேஜை முழுவதும் அட்டைகள். நாற்பத்தொன்று. "எனக்குக் கால்ல கட்டு இருந்தப்ப நீங்க தனியாப் போய் எடுத்தது" என்றார் சார். "இதுல எதெல்லாம் கேட்டுல நின்னு போட்டது?"

"அந்த ரெண்டுதான் சார். சத்தியமா."

"அதை நான் எப்படி நம்பறது? நீங்க சொல்லித்தானே அதையும் நம்பினேன்."

கோபத்தில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, சட்டம்தான் பேசியது. தாத்தா கார் என்று போன் செய்தவருக்கு என்ன சட்டமோ அதேதான் எனக்கும். மிச்சம் நிற்கிற வண்டி ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்து, எண்ணைப் படித்து, அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதுவரை புத்தகம் அச்சுக்குப் போகாது என்றார். டீச்சர் பொறுக்க முடியாமல், "ஆஸ்பத்திரியில சொன்னதை மறந்துட்டீங்களா? உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு..." என்று நிறுத்தினார். "அதனாலதான் இன்னைக்கே போகச் சொல்றேன்" என்றார் சார்.

பதினைந்து வண்டிகள் உடைத்துப் போய்விட்டன. அந்த அட்டைகளில் சாரே "மறுபடி பார்க்கவில்லை" என்று எழுதினார். மற்றவற்றைத் தேடிப் போனேன். ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போனேன், கையில் அட்டைகளின் நகலோடு. பள்ளிக்கரணையில் ஒரு வேன் சக்கரம் இல்லாமல் சதுப்பு நிலத்தின் ஓரம் கோழிக் கூண்டாக இருந்தது. கோழிகளைத் துரத்திவிட்டுப் பார்த்தேன். தாம்பரத்தில் ஒரு ஸ்கூல் பஸ்ஸுக்கு அடியில் நான் படுத்திருப்பது தெரியாமல் டிரைவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். எனக்கு அந்த இன்ஜின் சத்தத்தில் வால்வு லூஸ் என்று தெரிந்தது, சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு எண்ணையும் பார்த்ததும் சாருக்குப் போன் செய்வேன்.

"சரியா கீது சார்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

போன் வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு. அவர் உடம்பு வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போனது. நான் எவ்வளவு வேகமாகப் போனாலும் வண்டிகள் பாக்கி இருந்தன. பத்தொன்பதாவது வண்டி சேலையூர் மரக்கடை லாரி. மழை நாள். நனைந்துகொண்டே பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருந்ததால் நேரில் போய்ச் சொன்னேன். சார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சரியாக இருக்கிறது என்றேன். கண்ணைத் திறக்காமலே, "தலையைத் துவட்டுப்பா" என்றார்.

நான் துண்டை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் துவட்டினேன்.

மில் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட பக்கத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்ல வேண்டுமே. மில்காரரின் பேரன் செந்தில் இப்போது பொறுப்பில் இருக்கிறார். முழுவதையும் கேட்டார். சாப்பாடு போட்டதால்தானே வந்தது வினை என்று அவருடைய அம்மாவைக் கேலி செய்தார். பிறகு, "இன்னா பெரிய மேட்டர் அண்ணா? மூத்தது டாக்டர் வூட்டுதுன்னா அத்தையும் இட்டாந்து இங்கியே நிறுத்திக்கிறோம். மூத்தது எங்க வூட்லயே கீதுன்னு சொன்னது பொய் ஆவாது பாரு" என்றார். டாக்டரின் மகளுக்கும் அதில் சந்தோஷம். இப்போது இரண்டு கறுப்பு வண்டிகளும் மேடவாக்கத்தில் ஒரே ஷெட்டில் நிற்கின்றன. இதைச் சொன்னபோது சார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, டீச்சர் என்னைத் திட்டினார்.

அன்றைக்கு அந்த இரண்டு வண்டிகளின் அட்டைகளையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. சார் எழுதவில்லை. பேனாவை என்னிடம் நீட்டி, "பாத்தவன் எழுதணும்" என்றார். இரண்டு அட்டை எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் "பார்த்தவர்: ஏழுமலை" என்று எழுதி முடித்ததும் அட்டையை வாங்கி, மை காய ஊதினார்.

இருபத்தைந்து வண்டிகள் முடிந்திருந்தன. பாக்கி ஒன்று, முன்பு செங்கல் சூளையில் ஓடிய லாரி. சூளையும் இல்லை, சூளை இருந்த ஊரும் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் மூன்று நாள் அலைந்து, மஞ்சள் பெயின்ட்டோடு ஹோட்டல் வாசலில் அதைக் கண்டுபிடித்தேன். மறுநாள் காலையில் உப்புத்தாளோடு போனேன். அந்தக் காலைதான்.

நாவலூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது சாரைக் குளிப்பாட்டி, வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். சபைக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிகிற வரை ஓரமாக நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போய், டின்னோடு வந்தார். கட்டைவிரல் ரேகையோடு இருந்த அந்தப் பழைய தாளை எடுத்துப் பிடித்தார். என் சட்டைப் பையில் இருந்த புதிய தாளை அதன் பக்கத்தில் வைத்தேன். சாரின் தலைமாட்டில் நின்று இரண்டு பேரும் ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தோம். கடைசி இரண்டு எண்ணும் சேர்த்து எல்லாம் சரியாக இருந்தது. அட்டையில் டிக் போட்டேன். எப்போதும் போல, "சரியா கீது சார்" என்று சொன்னேன். கூட்டத்தில் சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் புத்தகம் அச்சுக்குப் போனது. அனுப்பும் முன் டீச்சர் ஒரு தாளை எனக்குக் காட்டினார். நன்றி சொல்லும் பக்கம். அந்தப் பழைய வரியை எடுத்துவிடட்டுமா என்று அவர் சாரைக் கேட்டிருக்கிறார். சார் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "அவர் கண் என் கண். இரண்டும் ஒரு முறை தவறின. நான் படுத்திருந்தேன், அவர் கேட்டில் நின்றார். திருத்தத்தை உள்ளே காண்க."

சாரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்தப் பேனா என்னிடம் இருக்கிறது. எழுதாத அட்டைகள் ஒரு டின் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றில் சாரைக் கொண்டுபோன வண்டியின் விவரத்தை எழுதி வைத்திருக்கிறேன், அவர் இருந்தால் கேட்டிருப்பார் என்பதால். டீக்கடையில் யார் எதைச் சொன்னாலும், நீ பாத்தியா என்று கேட்கிற பழக்கமும் வந்துவிட்டது. அதனால் அங்கே என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

மூன்றாம் பதிப்பு நேற்று என் வீட்டுக்கு வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். என் பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டச் சொல்லி கஸ்தூரி வந்தாள். எடுத்தேன், திறந்தேன், காட்டினேன். உள்ளே பஸ் டிக்கெட் எதுவும் வைக்கவில்லை.